வழிநடத்தினேன்

தோஹா, நஜ்மா, மூன்றாவது மாடி.
கடைசிச் சம்பளத்தோடு கம்பெனி
ஒரு கேக்கும் வெட்டியது.
விரலில் க்ரீம் காய்வதற்குள்
அறைக்கு வந்து லேப்டாப்பைத் திறந்தோம்.

அருள்தாஸ் கீழ்க்கட்டில், நிரோஷன் மேல்கட்டில்,
முபாரக் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில்,
நான் துணி காயும் கம்பிக்கு அடியில்.
வைஃபை ஒன்று.
ரெஸ்யூமே நான்கு.

முதலில் புகைப்படத்தை எடுத்தேன்.
பிறகு மதம், திருமண நிலை, பாஸ்போர்ட் எண்,
'மேற்கண்ட யாவும் உண்மையென
உளமார உறுதி கூறுகிறேன்'.
எடுக்க எடுக்க இளைத்தேன்.
பதினோரு வருஷம்
ஒரே பக்கத்தில் அடங்க வேண்டும்.
கட்டம் போட்டால் மெஷினுக்குப் படிக்கத் தெரியாதாம்.
லினக்ஸுக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்தால்
படிக்கிற மனுஷன் சிரிப்பானாம்.
"வினைச்சொல்லில தொடங்குங்கோ,
பக்கத்தில ஒரு இலக்கத்தையும் வையுங்கோ"
மேல்கட்டிலிலிருந்து நிரோஷன்.

இலக்கம் என்றால்
அந்த ஆகஸ்ட் இரவுதான்.
சர்வர் அறையில் ஏசி நின்றுவிட்டது.
நாற்பத்தேழு டிகிரி, ஏறிக்கொண்டிருந்தது.
அருள்தாஸ் போனில் வெண்டாரோடு சண்டை.
எதை முதலில் அணைப்பது எதைக் கடைசியில் என்று
பில்லின் பின்புறம் எழுதிக்கொண்டிருந்தான் முபாரக்.
நிரோஷனின் கால்கள் மட்டும்
ரேக்குக்கு வெளியே தெரிந்தன.
நான் ரிசப்ஷனிலிருந்து
நிற்கிற ஃபேனைத் தூக்கி வந்து
கதவிடுக்கில் சாய்த்துப் பிடித்தபடி
மூன்று மணி நேரம் நின்றேன்.
அதன் கால் உடைந்திருந்தது.
ஒரு பைட் டேட்டா போகவில்லை.

இரவு ஒன்றரைக்கு
திரைகளைத் திருப்பிக் காட்டிக்கொண்டோம்.
அருள்தாஸ்: நெருக்கடி மீட்பை வழிநடத்தினேன்.
முபாரக்: வழிநடத்தினேன், சேதம் பூஜ்யம்.
நிரோஷன்: வழிநடத்தினேன், இருநூற்றுப் பத்து சர்வர்கள்.
நான்: வழிநடத்தினேன்.

ஃப்ரிட்ஜ் ஒருமுறை குலுங்கி அடங்கியது.
"நாலும் ஒரே ஆபீசுக்குப் போச்சுன்னு வை,"
முபாரக்தான் முதலில் சிரித்தான்,
"ஒரு பந்தல்ல நாலு மாப்பிள்ளை."

மளிகைக் கணக்கு நோட்டிலேயே
வினைச்சொற்களைப் பங்கு பிரித்தோம்.
வெங்காயம், பால், தண்ணீர் கேன் வரிகளுக்குக் கீழே
ஒருங்கிணைத்தேன் அருள்தாஸுக்கு,
திட்டமிட்டேன் முபாரக்குக்கு,
மீட்டேன் நிரோஷனுக்கு.
எனக்கு எதுவும் மிஞ்சவில்லை.
'சூழல் வெப்பநிலையை மேலாண்மை செய்தேன்'
என்று போடச் சொன்னார்கள்.
தலையணையைக் கடித்துக்கொண்டு சிரித்தோம்,
பக்கத்து அறையில் நைட் ஷிஃப்ட்காரர் தூங்குகிறார்.
போட்டேன்.
நாற்பத்தேழிலிருந்து முப்பத்தொன்பதுக்கு,
மூன்று மணி நேரத்தில்.
அந்த வரியில் எண்களாவது நிஜம்.

சுவர் சுடுகிறதென்று முதலில் ஓடிவந்தது
டீ கொடுக்கிற தில் பகதூர்.
அது எனக்கு நினைவு வந்தபோது
மூன்று பேரும் அனுப்பிவிட்டிருந்தார்கள்.

பதினாறாம் நாள், மன்சூரா பஸ் நிறுத்தத்தில் போன்.
"மிஸ்டர் சின்னையா?"
அது என் அப்பா.
பாஸ்போர்ட்டில் விழுந்த குழப்பம்,
எல்லா ஃபாரத்திலும் அவர்தான் விண்ணப்பிப்பார்.
திருத்தினால் லைன் போய்விடுமோ என்று
சின்னையாதான் பேசுகிறேன் என்றேன்.

"இந்த வெப்பநிலை வரி.
உண்மையில் என்ன செய்தீர்கள்?"

பஸ் வந்து நின்றது. நான் ஏறவில்லை.
"ஃபேனைப் பிடித்துக்கொண்டு நின்றேன் சார்."

அந்தப் பக்கம் பேனா தட்டும் சத்தம்.
பிறகு, மிகவும் கவனமாக,
"உள்ளே பார்த்தா, வெளியே பார்த்தா?"

"முதல் பத்து நிமிஷம்
தப்பாக, உள்ளே பார்த்து."